நம் வாசல் இரும்பு மூடி

கார்க்,
7 டிசம்பர் 2014, ஞாயிறு

அன்புள்ள ரோஷீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் ஒன்றைத் தவிர, அதுவும் மழை பெய்தால் மட்டுமே வலிக்கிறது, இந்த ஊரில் மழை பெய்யாத நாள் எது என்று உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பெர்த் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறேன். குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே, நம் குடும்பத்துத் தோல் அந்த ஊருக்கு ஆனதில்லை.

வாராவாரம் ஸ்கைப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வார்த்தை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? கீரன் மூன்று மாதம்கூட ஒரு வேலையில் நிலைக்க மாட்டான், இங்கே வந்தும் அப்படித்தான் இருப்பானா, நான் என் முதலாளியிடம் எந்த முகத்தோடு அவனுக்காகச் சொல்வது என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் உன் தம்பி அப்போது எனக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தான், அவன் காதில் விழுந்தது, சிரித்துக்கொண்டே மடித்தான், நானும் பேச்சை மாற்றிவிட்டேன். பேச்சை மாற்றியது தப்பு. இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் உன் வீட்டுக்கு வந்து இறங்கிப் பத்து நாளாகியிருக்கும். சாலைப் பணி முடிந்துவிட்டது, ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று உன்னிடமும் சொல்லியிருப்பான். அது உண்மையில்லை. அவன் வேலை போனது என்னால். எப்படி என்று எழுதித் தீர்க்காமல் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

நம் தெருவில் தண்ணீர் மீட்டர் சண்டை நடக்கிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வீடு வாசலில் மீட்டர் பொருத்தி, குடிக்கிற தண்ணீருக்கு பில் அனுப்பப்போகிறார்கள். வங்கிக்காரர்கள் சூதாடித் தோற்றதற்கு நம் சம்பளத்திலும் பென்ஷனிலும் பிடித்தார்கள், வீட்டுக்கு வரி போட்டார்கள், அதெல்லாம் போதாமல் வானத்திலிருந்து ஓசியாகக் கொட்டுவதற்கும் காசா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அதே எண்ணம்தான், அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். தேர்தலுக்கு முன் இதே வாசலில் நின்று தண்ணீருக்குக் கட்டணம் வரவே வராது என்று என் கையைப் பிடித்துச் சொன்ன நம் தொகுதி உறுப்பினர், போன மாதம் கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். "குனிஞ்சது போதும் எந்திரிங்க, முதுகு பிடிச்சுக்கப்போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நவம்பர் முதல் தேதி நாடு முழுக்க ஊர்வலம் நடந்தது, நம் ஊரிலும் அந்த மழையில் அவ்வளவு கூட்டம். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு ஃபிலோமினா ட்வோமி தெருக் கமிட்டி ஆரம்பித்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் யார் எங்கே உட்காருவது என்று அவள்தான் சொல்வாள். ஹர்லிங் மட்டை விளையாட்டுக் கிளப்பில் ஒரு ஒலிபெருக்கியை இரவல் வாங்கி வந்தாள். திட்டம் ரொம்ப எளிது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையில் சின்னதாக ஒரு இரும்பு மூடி இருக்கிறதல்லவா, அதற்கடியில்தான் அந்த வீட்டுக்கான வால்வு இருக்கும், அங்கேதான் மீட்டரைப் பொருத்த வேண்டும். அந்த மூடிமேல் ஆள் ஏறி நின்றுவிட்டால் அவர்களால் தோண்ட முடியாது. நம் வீடு தெரு முனையில் ஒன்றாம் நம்பர். ஆகவே வருகிறவர்கள் நம் வாசலில்தான் தொடங்க வேண்டும். "அசும்ப்டா, நீ நகந்தா தெருவே போச்சு" என்றாள் ஃபிலோமினா. அந்த வார்த்தை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, மறைப்பானேன். அறுபத்தோரு வயதில் ஒரு தெருவே என் காலடியில் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் ஏறாது.

நான் சொல்லாத ஒன்று என்னவென்றால், செப்டம்பரில் கீரனுக்குக் கிடைத்த வேலை இதே மீட்டர் வேலைதான். உன்னிடம் சாலைப் பணி என்று சொன்னேன், வெட்கப்பட்டுக்கொண்டு அப்படிச் சொன்னேன். கட்டிட வேலையெல்லாம் படுத்த பிறகு நாலு வருஷம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன், பார்த்தும் சொன்னேன், "அந்தச் சட்டையோட இந்த வாசப்படி ஏறாதே" என்று. "குழி தோண்டுற வேலைதானேம்மா, யார் குழியா இருந்தா என்ன?" என்றான். "நாளைக்கு என் குழியையும் நீயே தோண்டு" என்றேன். அதற்கப்புறம் அவன் தினமும் சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். நான் பார்க்காததுபோல இருப்பேன். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட உன் அப்பாவிடம்தான் கேட்பேன், அவர் அவனிடம் கேட்பார், அவன் அவரிடம் கொடுப்பான். இரண்டு மாதம் இப்படி. இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உன் அப்பா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. முப்பத்தோரு வருஷம் நகராட்சித் தண்ணீர்ப் பகுதியில் இருந்தவர், இந்தத் தெருவுக்கு அடியில் ஓடுவதெல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி தெரியும். முதல் நாள் காலை நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "அசும்ப்டா, அவங்க பாட்டுக்கு வெச்சிட்டுப் போகட்டும் விடு, ஒண்ணும் ஆகாது. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு" என்று ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. "நீங்களும் கம்பெனி ஆளாயிட்டீங்களா, பென்ஷன் வாங்கினா இப்படித்தான் பேச்சு வரும்" என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். அவர் அப்படிப்பட்ட மனுஷர், ஒருமுறை வாயை அடைத்தால் இரண்டாம் முறை திறக்க மாட்டார், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பத்து நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மூடிமேல் நின்றேன். வேன் வரும், எங்கள் கூட்டத்தைப் பார்க்கும், போய்விடும். ஃபிலோமினா கெட்டிலோடு வருவாள், எதிர்வீட்டுக்காரர்கள் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவருவார்கள், வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்களெல்லாம் ஒரே குடைக்குள் நின்றார்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது நன்றாக இருந்தது.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, கம்பெனிக்காரர்கள் வேறு ஆட்களை அனுப்பினார்கள், கூடவே போலீஸ் வண்டி ஒன்றும் வந்தது. ஆறரைக்கே வந்துவிட்டார்கள், நான் வீட்டுச் செருப்போடு, நைட்டிக்குமேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து மூடிமேல் ஏறினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே மண்வெட்டியோடு கீரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் அவனுக்கு வேலை, அன்றைக்கென்று இந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஃபிலோமினா ஒலிபெருக்கியை வாயில் வைத்தவள் அவனைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள். மேஸ்திரி வேற்று மாவட்டத்துக்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது, "அம்மா, கொஞ்சம் நகருங்க, எங்களுக்கும் பொழப்பு இருக்கு" என்று தன்மையாகத்தான் கேட்டார். அந்தப் போலீஸ்காரப் பையனும், "உங்களத் தூக்க வெச்சிடாதீங்கம்மா, எங்கம்மா டிவியில பாத்தா என்னக் கொன்னுடும்" என்றான். நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உன் தம்பியைப் பார்த்து, தெருவே கேட்க, "இந்தத் தண்ணியில குளிப்பாட்டித்தாண்டா உன்ன வளத்தேன். எங்க, தோண்டு பாப்போம்" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். செருப்பில் தண்ணீர் ஏறி ஊறிப்போயிருந்தது. மேஸ்திரி, "உங்கம்மாவா? அப்ப நீயே பேசி நகத்து, இல்லேன்னா போலீஸ் நகத்தும்" என்றார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள், ஒருவன் என் முழங்கையைத் தொட்டான். கீரன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். மஞ்சள் சட்டையைக் கழற்றினான், நாலாக மடித்து வேனின் முன்பக்கத்தில் வைத்தான். "அதக் கழட்டினா வேலையும் சேர்ந்து கழண்டிடும் தம்பி" என்றார் மேஸ்திரி. "தெரியும்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனான். சொந்த ஆளே போனதும் மேஸ்திரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது, போலீஸ்காரர்களும் பின்வாங்கினார்கள், கால் மணி நேரத்தில் வண்டிகள் போய்விட்டன. தெருவே கைதட்டியது. கீரன் உள்ளேயிருந்து ஒரு கோப்பை டீயோடு வந்து என் கையில் கொடுத்தான். தெருவே கேட்கக் கத்தியதை விட்டால், இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை "சர்க்கரை பத்தல" என்பதுதான்.

அன்று மத்தியானம் எல்லோரும் கலைந்த பிறகு, கீரன் வேலை தேட நகரத்துக்குப் போயிருந்தான், உன் அப்பா கொட்டகையிலிருந்து பழைய வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார், அந்த நீள இரும்புக் கம்பி, முனையில் கைப்பிடி வைத்தது, நீ சின்ன வயதில் அதைக் குதிரையாக ஓட்டுவாய். "வா" என்று ஒரே வார்த்தை. வாசலுக்குப் போய் அந்த மூடியைத் தூக்கினார். உள்ளே காய்ந்த மண், நத்தைக்கூடுகள், துருப்பிடித்த ஒரு வால்வு. சாவியை மாட்டி முக்கி முக்கி அதை முழுக்க மூடினார். "போய்ச் சமையல்கட்டுக் குழாயைத் தெற" என்றார். திறந்தேன். தண்ணீர் எப்போதும்போல வந்துகொண்டே இருந்தது.

எண்பத்திரண்டு ஜனவரிப் பனியில் தெருமுன் மெயின் பைப் வெடித்துப்போய், வீடுகளுக்குப் பின்னால் சமையல்கட்டு ஓரமாகப் புது பைப் ஒன்றைப் போட்டு எல்லா வீட்டுக்கும் அதிலிருந்துதான் கொடுத்தார்கள். வாசல் மூடிகளை யாரும் எடுக்கவில்லை, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பைப் போட்டதே உன் அப்பாவும் கூட இருந்தவர்களும்தான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பின்பக்கம் தோண்டிய அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள் நான். நீ அப்போது என் வயிற்றில் ஏழு மாதம், அந்த வயிற்றோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நடந்திருக்கிறேன், அதைக்கூடவா ஒருத்தி மறப்பாள்? மறந்தேன். கோபம் வந்தால் எனக்கு வேறொன்றும் நினைவில் நிற்காது. "பதினோரு நாளு வேடிக்கை பாத்தீங்களே" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். "முதல் நாளே சொல்ல வந்தேன், கம்பெனி ஆளுன்னே" என்றார் அவர். "அவங்க வெச்சிட்டுப் போயிருந்தா அந்த மீட்டரு ஜென்மத்துக்கும் பூஜ்யத்துலயே நின்னிருக்கும். அப்புறம் தெருவுல ஒருத்தர்கிட்ட சொன்னா ஃபிலோமினா ஒலிபெருக்கியில சொன்ன மாதிரி, மறுநாளே கம்பெனிக்காரன் பின்பக்கம் வந்து தோண்டுவான்."

மறுநாள் மந்திரி டிவியில் வந்து கட்டணத்தைக் குறைக்கிறோம் என்றார். தெருவில் ஒரே ஆட்டம் பாட்டம். ஃபிலோமினா நம் வாசல் மூடிக்கு ஹர்லிங் அணியின் சிவப்பும் வெள்ளையும் பெயின்ட் அடித்துவிட்டாள், ஒவ்வொரு தடவை பால் எடுக்கப் போகும்போதும் அது என்னைப் பார்க்கிறது. கீரனுக்கோ தானாக வேலையை விட்டவன் என்று ஒன்பது வாரத்துக்கு உதவித்தொகை கிடையாது என்றுவிட்டார்கள். வேறு கான்ட்ராக்டர்களிடம் போனால், வேன்மேல் சட்டையைக் கழற்றிப் போட்டவன் நீதானே என்று சிரிக்கிறார்களாம். முப்பத்தொரு வயதாகிவிட்டால் உங்கள் ஊர் விசாவும் கிடைக்காது, அவனுக்கு ஏப்ரலில் முப்பத்தொன்று. ஒரு வாரத்தில் எல்லாம் முடித்துவிட்டான். கிறிஸ்துமஸ் வரைக்காவது இரு, மசாலா மாட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன் என்றேன், டிக்கெட் விலை ஏறிவிடும் என்றான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து விமான நிலைய பஸ். கதவோரக் கிண்ணத்துத் தீர்த்தத்தை அவன் தலையில் தெளித்தேன், "பாத்தும்மா, இதுக்கும் மீட்டர் வெச்சிருக்கப்போறாங்க" என்றான், உன் அப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்து பஸ் வரைக்கும் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். நம் வீட்டுத் தண்ணீரைக் காப்பாற்றத்தான் வேலையை விட்டோம் என்று நினைத்துக்கொண்டு போகிறான், அந்த நினைப்பாவது அவனுக்கு மிஞ்சட்டுமே, அதையும் நானா பிடுங்குவது? ஆனால் பொய்யோடு பிள்ளையை அனுப்பவும் மனசு வரவில்லை. பெட்டியை பஸ்ஸின் வயிற்றில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிட்டேன், கீரன், அந்த மூடிக்கடியில் தண்ணீரே இல்லைடா, வெறும் மண்ணுடா, உன் பொழப்பைக் கெடுத்துட்டேண்டா என்று. அழுதுவிட்டேன், நடுரோட்டில்.

அவன் என் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டான். "எனக்குத் தெரியும்மா" என்றான். "அன்னிக்கு வண்டிய விட்டு எறங்கின உடனே அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி கம்பிய மூடியில வெச்சுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஓட்டமே இல்ல, செத்த பைப்பு. மேஸ்திரிகிட்ட சொல்லலாம்னு திரும்பறதுக்குள்ள நீ செருப்போட ஓடிவந்துட்டே." அப்படியானால் அப்போதே சொல்லியிருக்கலாமேடா என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நேரா பின்பக்கம் போயிருப்பாங்க. தெருவே பாத்துட்டிருக்கு, எங்கம்மா பதினோரு நாளா ஒண்ணுமில்லாத மூடி மேல நிக்கிறான்னு என் வாயால சொல்லச் சொல்றியா?" என்றான். சரிடா, சும்மா ஓரமாக நின்றிருக்கலாமே, மண்வெட்டியை எதற்குப் போட்டாய் என்றேன். பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார். அவன் படியில் ஏறி நின்றுகொண்டு, "உன் மேல கைய வெச்சாங்களேம்மா" என்றான். அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

ஆகவே ரோஷீன், உன் முதலாளியிடம் தயங்காமல் சொல், இவன் என் தம்பி, நம்பி வேலை கொடுக்கலாம் என்று. இந்தக் கடிதத்தைப் படித்ததாக அவனிடம் காட்டிக்கொள்ளாதே, அவனுக்குப் பிடிக்காது. கூடத்துச் சோபாவில் படுக்கவைக்காமல் ஒரு கட்டில் வாங்கிப் போடு, அவன் கால் நீளம். பெட்டியில் உனக்கு நம் ஊர்த் தேயிலை நாலு பொட்டலம் இருக்கிறது, ரத்தத் தொத்திறைச்சியும் வைத்தேன், உங்கள் சுங்கக்காரர்கள் பிடுங்கிப் போட்டிருப்பார்கள், போகட்டும். வருகிற செவ்வாயோடு நம் தெருவின் பதினோரு வீட்டிலும் இன்னும் மீட்டர் இல்லாமல் மூன்று வாரம், ஜனவரியில் மறுபடி வருவார்களாம், வரட்டும், மறுபடியும் நிற்பேன். இந்த முறை பின்பக்கமும் ஒரு கண் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் இப்போது உப்பை நேராகக் கேட்க ஒரு ஆள் குறைந்துவிட்டான்.

தேவமாதாவும் புனித பிரிஜித் அம்மாளும் தங்கள் போர்வையை உங்கள் நாலு பேர்மேலும் விரித்து வைத்திருக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் எழுதச் சொல்கிறார், அந்த வால்வை மறுபடி திறந்து வைத்துவிட்டதாகவும் எழுதச் சொல்கிறார், ஏன் என்று கேட்டால் இருந்தபடி இருக்கட்டும் என்கிறார். அடுத்த ஞாயிறு ஸ்கைப்பில் கூப்பிடும்போது கீரனை உன் பக்கத்தில் உட்காரவை, பின்னால் நிற்கவைக்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
அசும்ப்டா